களியக்காவிளை தாண்டினால் ‘அண்ணாச்சி’

கரமனையில் அந்த மாடி வீடு இன்னும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கப்படவில்லை. வீட்டுக்காரரின் மகள் இன்று காலை போனில் உறுதிசெய்த தகவல் இது. போன சனிக்கிழமை அந்த வீட்டைப் பார்க்கத்தான் முருகேசனுடன் திருவனந்தபுரம் போனேன்.

முருகேசன் வள்ளியூர்க்காரர். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் கட்டட வேலை. உடன் வேலை செய்பவர்களோடு ஓர் அறையில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கிறார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் வீடு கிடைத்தால் மனைவியும் மகளும் அவருடன் இருப்பார்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு, மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் அப்பாதான். ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஊர்ப்பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“நீங்க கூட வாங்க அண்ணாச்சி. உங்க சட்டை மடிப்பப் பாத்தாவது நின்னு பேசுவாங்க” என்றார்.

நாகர்கோவிலில் காலைப் பேருந்து. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். குழித்துறை நெரிசலுக்கு அரை மணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையில் கேரள எல்லை தாண்டியதும் முருகேசன் என்னை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். காரணம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நகரப் பேருந்து ஏறியபோதுதான் புரிந்தது.

“அண்ணாச்சி, முன்னோட்டு நீங்கி நிக்கு!” என்று முன்னால் நகரச் சொன்னார் நடத்துநர். ‘அண்ணாச்சி’ என்றது மரியாதை என்று நினைத்து அவருக்கு வணக்கம் வைத்தேன். முருகேசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நம்மூர்ல அண்ணாச்சின்னா கடை முதலாளி. இங்க சிமென்ட் மூட்டை தூக்குற தமிழன். அதான் சார்னு மாத்துனேன். உங்க மடிப்பெல்லாம் வேஸ்ட்டு!”

கரமனைக்கு மூன்று கிலோமீட்டர்தான். வீட்டுக்காரர் பல தலைமுறையாக அங்கேயே வாழும் அக்ரகாரத் தமிழர். “வாங்கோ, உக்காருங்கோ” என்றவர், முருகேசனின் ஊரைக் கேட்டதும் முகம் மாறினார்.

“தப்பா நினைக்கப்படாது. பாண்டிக்காராளுக்குக் கொடுக்கறதில்லே.”

தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே மட்டமாகக் குறிக்கும் சொல், பாண்டி.

“நீங்களும் தமிழ்தான பேசுதிய?” என்றார் முருகேசன்.

“இது ஆத்துத் தமிழாக்கும், வீட்டுக்குள்ளே பேசறது. அது வேறே.”

உள்ளேயிருந்து மகள் வந்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். “போரும்ப்பா. ஆபீஸ்ல என்னை எப்படி விளிக்கறான்னு தெரியுமோ? பாண்டின்னுதான். ஆத்துத் தமிழா, வேற தமிழான்னு ஒருத்தரும் கேக்கலை.”

“ஒன்னையா? எவன்?” பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

மகள் முருகேசனைக் காட்டினார். “இவருக்காகவும் அப்படி எழுந்துக்கப்படாதோ?”

பெரியவர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். பிறகு, “யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்றார்.

இதை மலையாளிகளுக்கும் தமிழர்களுக்குமான தகராறாக எழுதினால் தவறு. வசவு யார் மேல் விழுகிறதோ, அவரே அதை அடுத்தவர் மேல் எறிவதை நான் எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். வீடு தேடிப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: ஊரை மறைக்காதீர்கள். மறைத்துக் கிடைக்கும் வீட்டில் குழந்தைக்கும் பொய் சொல்லப் பழக்க வேண்டிவரும். ‘கொடுப்பதில்லை’ என்றால், ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். உள்ளே யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நேற்றிரவு பெரியவர் மகளிடம், “அந்தக் குழந்தையை எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறாளாம்?” என்று மட்டும் கேட்டாராம். வீடு உண்டா என்பது வெள்ளிக்கிழமை மாலை தெரியும். பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது.