எலிப்பெட்டிக்கு அடியில் பாக்குவெட்டி

கூலிமில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தரை துடைக்கப் போகிறேன். புக்கிட் செலம்பாவிலிருந்து வேன் ஏற்றிக்கொண்டு போகும். அங்கே மேல்படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். என்னைப் பார்த்தால் ஆண்டி என்பாள். நான் தலையை ஆட்டுவேன். மூன்று வருஷமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு நாள் அவளாகவே விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத காந்தத் தூளை எலியின் மூளைக்குள் வைத்திருக்கிறார்களாம். பெட்டியைச் சுற்றிக் கம்பிச் சுருள். சுவிட்சைத் தட்டினால் காந்தம் உண்டாகி, அந்தத் தூள் பசியைச் சொல்லும் செல்களைத் தட்டி எழுப்பும். வயிறு நிறைந்த எலியும் தின்னப் போகும். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். இருந்தாலும் இது புரிந்தது.

அந்த வாரம் ஓர் எலி எட்டுக் குட்டி போட்டது. பச்சைப் பிள்ளை இருக்கும் இடத்தில் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம்; வைக்காமல் விட எனக்கு மனம் வராது. பையில் பாக்குவெட்டி இருந்தது. பெட்டிக்குக் கீழே விரித்திருந்த துணிக்கு அடியில் அதைச் செருகிவிட்டுக் குப்பையைக் கட்டிக்கொண்டு போனேன்.

நான் துடைக்காத பக்கத்து அறையில் இருந்த தாய் எலிகள் சுவிட்சைத் தட்டியதும் குட்டிகளை விட்டுவிட்டுத் தின்னப் போயினவாம். இது மட்டும் நான்கு நாளாகச் சுவிட்சைத் தட்டியும் நகரவில்லை. தாய்ப்பாசம் காந்தத்தை ஜெயித்துவிட்டது என்று அந்தப் பெண் போனில் யாரிடமோ சொன்னாள். வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்டப் போகிறாளாம். இதை வைத்தே பட்டம் வாங்கிவிடலாமாம். அவள் அந்த அறைக்குள் போகுமுன் வளையலையும் கைக்கடிகாரத்தையும் வாசலிலேயே கழற்றி வைப்பதை அன்றுதான் கவனித்தேன்.

வியாழக்கிழமை அந்த அறையை மூன்று தடவை துடைத்தேன்.

"ஆண்டி, போதும்லா, தரை தேஞ்சிடும்," என்றாள்.

"அந்தத் துணிக்கு அடியில என் பாக்குவெட்டி இருக்கும்மா."

துணியைத் தூக்கிப் பார்த்தாள். எப்போது வைத்தேன் என்று கேட்டாள், சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

"பச்சப் புள்ளைங்க இருக்குல்ல."

பாக்குவெட்டியை வெளியே வைத்துவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினாள். எலி எட்டுக் குட்டிகளையும் உதறிவிட்டு எழுந்து தின்னப் போனது. இத்தனை நாளும் இரும்பு காந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குப் பேராசிரியர் முன்னால நீங்க இதைச் சொல்லியிருந்தா என் கதி என்ன ஆண்டி?"

"அவர் முன்னால எனக்குப் பேச்சு வராதும்மா," என்றேன்.

பிறகு பாக்குவெட்டியைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு திருப்பித் தந்தாள். வேப்பிலையாவது வைக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, வெளிக்கதவில் செருகச் சொன்னாள். செருகியிருக்கிறேன்.