வேர்க்காத குதிரை

மதலைமுத்துவிடம் குதிரையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டுச் சுலபமாகத் தப்பித்து வந்தவர்கள் பெங்களூர் மர்பி டவுனில் குறைவு. "என்னாண்ணா, குதிரை எப்படி இருக்கு?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டுவைத்தால் போதும், குளம்பில் ஆரம்பித்துப் பிடரி வரைக்கும் போய் முடிக்காமல் விடமாட்டார். கேட்டவர் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது.

ஆனால் அவர் பேச்சில் சரக்கு இருந்தது. மீசை அரும்பாத வயதில் ரேஸ் குதிரைகளின் லாயத்தில் சைஸாகச் சேர்ந்தவர். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, கையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற வேலை. ஜாக்கி ஆகவேண்டும் என்றுதான் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. கடைசிவரை சைஸாகவே இருந்து, தலை நரைத்த பிறகு வெளியே வந்தார். வரும்போது சும்மா வரவில்லை, ஒரு குதிரையோடு வந்தார்.

அதுதான் ஸ்டெல்லா. சாம்பல் நிறத்தில் லாயத்துக்கு வந்து, வயது ஏற ஏற வெளுத்துப்போன பெண்குதிரை. ஓட்டத்தில் பேர் வாங்கவில்லை. முதலாளி அவளை யார் தலையிலாவது கட்டப் பார்த்தபோது, மதலைமுத்து தன் தலையைக் காட்டினார். மனைவி குளோரியா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அல்சூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மரக்கடையின் பின்னால் இவர் லாயம் போட்டதைப் பார்த்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து, சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்து முதுகு விரிப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். ஸ்டெல்லா கல்யாணக் குதிரை ஆனது அப்படித்தான்.

பெங்களூர் குதிரைக்கு ஏற்ற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வளர்க்கிறவனைக் கேட்டால் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் லாயத்தில் ஈரம் நின்று குளம்பு அழுக ஆரம்பிக்கும். தினம் இரண்டு வேளை குளம்பைத் தூக்கிச் சுரண்டி, காயவைத்து, மருந்து தடவவேண்டும். மழை விட்டதும் ஈ வந்து மொய்க்கும், வேப்பிலைப் புகை போடவேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்துக் குளிரில் தண்ணீர் குடிக்காமல் நின்று வயிற்றுவலியை வரவழைத்துக்கொள்ளும். இதில் எதிலும் மதலைமுத்து அசந்ததில்லை. அவர் நிம்மதியாக இருந்தது வெயில்காலத்தில் மட்டும்தான்.

காரணம், ஸ்டெல்லாவுக்கு வேர்க்காது.

கல்யாணக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தாலே மற்ற குதிரைகளுக்கு வேர்த்து, கழுத்தில் நுரை கட்டும். மாப்பிள்ளையின் வெள்ளை உடுப்பில் கறை ஏறும். போட்டோக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஸ்டெல்லாவோ எவ்வளவு வெயிலானாலும் காலையில் தேய்த்துவிட்ட பளபளப்பு மாறாமல் திரும்பி வருவாள். ஏற்பாடு செய்கிறவர்கள் பேரைச் சொல்லிக்கூடக் கேட்பதில்லை, "அந்த வேர்க்காத குதிரையை அனுப்புங்க" என்பார்கள். மதலைமுத்துவுக்குத் தலைகால் புரியாது. "ராஜ வம்சம்டா இது, கண்டவங்க முன்னாடி வேர்க்காது" என்பார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் தடுப்பூசி போட டாக்டர் தீபிகா வந்தார். தர்மபுரிப் பெண். வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊசி போட்டுவிட்டுக் கிளம்பாமல் ஸ்டெல்லாவின் நெற்றியில் முடி உதிர்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். சும்மா நிற்கிற குதிரையின் மூக்கு விடைத்து விடைத்து அடங்குவதைப் பார்த்தார்.

"சார், இதுக்கு நல்லா வேர்க்குதா?"

"ஒரு சொட்டு கிடையாது!" என்றார் மதலைமுத்து, மகளின் மார்க்கைச் சொல்கிற அப்பாவைப் போல.

டாக்டர் வண்டியிலிருந்து இன்னொரு மருந்தை எடுத்துவந்தார். கழுத்தில் தோலுக்கடியில் வரிசையாகத் துளித்துளியாகப் போட்டார். இந்த மருந்து பட்டால், நல்ல குதிரைக்கு அந்தந்த இடத்தில் வேர்வை முத்து முத்தாக அரும்பும் என்றார். இருவரும் நின்று பார்த்தார்கள். ஸ்டெல்லாவின் கழுத்து காய்ந்தபடியே இருந்தது.

"பாத்தீங்களா டாக்டர்! ஊசி போட்டுகூட வேர்க்கல!" மதலைமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "இந்த மாதிரி குதிரையை வேற எங்க பாத்திருக்கீங்க?"

"சார், அதுதான் வியாதியே."

சிரிப்பு நின்றது. தீபிகா பொறுமையாகத்தான் சொன்னார். குதிரை வேர்வையால்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. அது நின்றுபோனால் சூடு உள்ளேயே தங்கிவிடும். இந்த வெயில்காலம் முழுக்க இதைக் கல்யாணத்துக்கு அனுப்பக்கூடாது, விடிகாலையில் நடக்க வைத்தால் போதும்.

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே குதிரை வால்ல சிக்கு எடுத்தவன்மா நான்," என்றார் மதலைமுத்து. "நல்லா இருக்கிற ஜீவனுக்கு வியாதிப் பேர் வெக்காதீங்க. போயிட்டு வாங்க."

தீபிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் நம்பர் உங்ககிட்ட இருக்கு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு கொண்டுவந்த குளோரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு சும்மனே எதுக்குங்க சொல்லப்போகுது? அதுக்கு என்ன லாபம்?"

"உனக்குக் குதிரையைப் பத்தி என்னா தெரியும்?"

"குதிரையைப் பத்தித் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும்."

மதலைமுத்து சோற்றைப் பிசைந்தார். மார்ச்சில் கல்யாணங்களுக்குப் போய் வந்த பிறகும் ஸ்டெல்லாவின் விலா வெகுநேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை அவரும் கவனிக்கத்தான் செய்தார். வயசாகுது இல்ல, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏப்ரலில் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பரத், நாமக்கல் பையன், இங்கே ஐடி கம்பெனியில் வேலை. பெண் ஜெய்ப்பூர்க்காரி. மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில்தான் வரவேண்டும் என்பது பெண்ணின் ஆசை. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பரத்தின் சொந்தக்காரர்கள், இவனைக் குதிரைமேல் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரத் மட்டும் சிரிக்கவில்லை. சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர்வலம் மார்கோசா ரோட்டில் பிற்பகலில் கிளம்பியது. அந்த வருஷம் கோடை மழை எட்டிப்பார்க்கவே இல்லை. பேண்டுக்காரர்கள் வாசிக்க, பெண் வீட்டார் ஆட, நகர்வதைவிட நிற்பதுதான் அதிகமாக இருந்தது. நிழல் இல்லாத ஓரிடத்தில் வெகுநேரம் நின்றபோது, ஸ்டெல்லா தலையைத் தாழ்த்தி மதலைமுத்துவின் மார்பில் முட்டுக்கொடுத்தாள். கூட்டத்துக்கு நடுவில் அவள் இப்படிச் செய்ததே இல்லை. அவர் கழுத்தில் கைவைத்தார். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. பொட்டு ஈரம் இல்லை. மூக்கு கிழிந்துவிடும்போல விடைத்து மூச்சு வந்தது. பின்னங்கால் ஒன்று மடங்கி நிமிர்ந்தது.

"எறங்கு தம்பி," என்றார்.

பரத்துக்கு பேண்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குள் அவன் அப்பா சுந்தரமூர்த்தி ஓடிவந்தார். "என்னங்க இது? மண்டபம் அதா தெரியுதுங்களே! மாப்பிள்ளையைப் பாதி வழியில எறக்குனா சகுனம் என்னாவறதுங்க? அஞ்சு நிமிசம் சமாளிங்க."

மதலைமுத்துவுக்கும் அந்த ஐந்து நிமிஷம் மனதில் ஓடாமல் இல்லை. வாசல்வரை கொண்டுபோகாமல் எந்த மாப்பிள்ளையையும் அவர் இறக்கியதில்லை. இறக்கினால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதும் தெரியும். ஸ்டெல்லாவின் கண்ணைப் பார்த்தார். அது இவரைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை.

"சகுனம் இருக்கட்டும் சார். குதிரை செத்துடும்."

தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை அவரையே தூக்கிவாரிப்போட்டது. பரத் அதற்குமேல் காத்திருக்கவில்லை, சறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். "அப்பா, நான் நடந்தே வர்றேன். விடுங்க," என்று தகப்பனைக் கையோடு இழுத்துக்கொண்டு போனான். மண்டப வாசலில் நின்ற பெண், அவன் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, குதிரைக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டாளாம்.

மதலைமுத்து சேணத்தையும் விரிப்பையும் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். ஸ்டெல்லாவை ஒரு வீட்டு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். பிப்ரவரியில் விரட்டிவிட்ட நம்பரை அழுத்தினார்.

"தண்ணி ஊத்துங்க சார். உடம்பு முழுக்க. நிறுத்தவே நிறுத்தாதீங்க, நான் வர்றேன்," என்றார் தீபிகா.

"சூட்டு உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தினா நரம்பு இழுத்துக்கும்னு சொல்லுவாங்களே டாக்டர்..."

"இழுக்காது. ஊத்துங்க!"

அந்தக் கோடையில் பெங்களூரில் தண்ணீர் கேட்பது லேசான காரியம் இல்லை. அவர் தட்டியதும் அந்த வீட்டுக் கேட்டைத் திறந்த சீதாலட்சுமி, ரிட்டயர் ஆன டீச்சர். வாசல் தெளிக்கிற தண்ணீருக்குக்கூட வேலைக்காரப் பெண்ணிடம் கணக்குக் கேட்கிறவர். லாரித் தண்ணீர் அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தது.

"குடிக்கறதுக்கா?"

"குளிப்பாட்டணும்மா. இல்லைன்னா செத்துப்போயிடும்."

சீதாலட்சுமி ஒரு கணம் குதிரையைப் பார்த்தார். கார் நிறுத்துமிடத்தில் சுருட்டிக்கிடந்த குழாயைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். மோட்டாரைப் போட்டார். "தொட்டி காலியாகற வரைக்கும் ஊத்துங்கோ. நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்."

மதலைமுத்து ஊற்றினார். கழுத்தில் விழுந்த தண்ணீர் கீழே வரும்போது வெந்நீராக வந்தது. தொடைக்கு, வயிற்றுக்கு, திரும்பக் கழுத்துக்கு. ஊற்ற ஊற்ற அவருக்கு அழுகை வந்தது. இத்தனை கோடையாக இவள் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் அதை ஊர் பார்க்க நடத்திக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். வாய் இல்லாத ஜீவன் எப்படிச் சொல்லும்? வாய் இருந்தவள் வந்து சொன்னபோது நான் கேட்டேனா? ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் விசும்பி விசும்பி அழுதார்.

தீபிகா வந்து ஜுரம் பார்த்தபோது சூடு இறங்க ஆரம்பித்திருந்தது. மருந்து ஏற்றினார். ஸ்டெல்லா தலையைத் தூக்கி ஒரு வாளித் தண்ணீரை உறிஞ்சிக் குடித்த பிறகுதான் டாக்டரும் சுவரில் சாய்ந்தார்.

"பொழச்சிடும் சார்."

"வேர்வை? திரும்ப வருமா?"

"தெரியாது. சிலதுக்கு வரும். சிலதுக்கு வரவே வராது. வரலைன்னா இந்த ஊர் வெயிலே அதுக்கு எமன்தான். குளிர்ந்த எடத்துல யாராவது கேட்டா குடுத்துடறது நல்லது."

கொடுப்பது என்ற பேச்சு மதலைமுத்துவின் தூக்கத்தைக் கெடுத்தது. லாயத்தில் பெரிய மின்விசிறி மாட்டினார். கூரைமேல் தென்னங்கீற்று போட்டு நனைத்தார். தீனியில் டாக்டர் சொன்ன அளவு உப்புக் கலந்தார். ரேஸ் லாயத்துப் பழைய கூட்டாளிகள் பீர் கொடுத்தால் வேர்க்கும் என்றார்கள். கேட்டதற்கு, "கெடுதல் இல்லை, அது குடிச்சா சரி" என்று தீபிகா சிரித்தார். குதிரை பேரைச் சொல்லிப் பாட்டில் வீட்டுக்குள் வருகிறதே என்று குளோரியா ஒவ்வொன்றையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கல்யாணக்காரர்கள் யாராவது தவறிப்போய்க் கூப்பிட்டால், "என் குதிரைக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி மதலைமுத்து போனை வைத்தார். எலஹங்காவில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் மறுபடியும் குதிரை தேய்க்கிற வேலைக்குப் போனார். ஊட்டியில் ஒருவர் ஸ்டெல்லாவைக் கேட்டுவிட்டிருந்தார். மழை முடிந்ததும் சொல்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ஜூன் போனது. ஜூலை போனது. தினமும் விடிகாலையில் மைதானத்தில் மெல்ல ஓடவிட்டு, ஓடி முடித்ததும் காதுக்குப் பின்னால், பிடரிக்கு அடியில், முன்னங்கால் இடுக்கில் தடவிப் பார்ப்பார். எல்லாம் காய்ந்தே இருக்கும். குளோரியா கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு காலை, தூறல் இல்லாத நாள். ஓடி முடித்து நின்றவளின் பிடரியைத் தூக்கி உள்ளே கைவிட்டார். வழுக்கியது. கையை எடுத்துப் பார்த்தார். புல்லில் இருந்த பனியோ என்று சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் ஈரம். உள்ளங்கை அகலம் இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவைக் கட்டிப்போட்ட கையோடு வீட்டுக்கு நடந்தார். ஈரக்கையை எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த குளோரியாவின் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

"நக்கிப் பாரு குளோரி."

"குதிரைக்கு வாங்கினதை நீங்க குடிச்சிட்டீங்களா?"

"இல்லடி. நான் பாத்துட்டேன். எனக்கு நம்பிக்கை வரல. நீ பாத்து சொல்லு."

குளோரியா அவர் முகத்தைப் பார்த்தார். அது கெஞ்சிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் திரும்பி யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து இழுத்து, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"உப்புதான் மனுஷா," என்றார்.