கம்ப்யூட்டருக்குத் தைத்த பனியன் உறை

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் டீ-ஷர்ட்டுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுத் தருகிறேன். ரெடிமேட் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் என்றார் கணவர். "உள்ள என்ன இருக்குன்னே தெரியாத பெட்டி எனக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி நானே மாட்டினேன். பவர் சப்ளையை மட்டும் பார்க்கவில்லை. "அது கேபினெட் பெட்டியோடவே வருதுங்க, தனியா எதுக்குங்க?" என்றார் கடைக்காரர். சரியென்று விட்டுவிட்டேன்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் தெருவில் பஞ்சு பறக்காத நேரமே கிடையாது. அதனால் வேஸ்ட் பனியன் துணியில் கேபினெட்டுக்குக் கச்சிதமாக ஓர் உறை தைத்துப் போட்டேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

கொஞ்ச நாளில் துணி கருகும் வாசம் வர ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டடம் அயர்னிங் யூனிட். அங்கிருந்துதான் வருகிறதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் தாங்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து, "ஏனுங்க மாஸ்டர், துணி கருகுதுங்க, பாருங்க!" என்று கத்தினேன்.

அயர்ன் மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இல்லீங்களே. காலைல இருந்து நாங்க அயர்ன் பாக்ஸே போடலீங்க."

திரும்பிப் பார்த்தேன். உறையின் பின்பக்கம், பவர் சப்ளையின் காற்றுத் துளைகளை மூடியிருந்த இடம் பழுப்பேறி, நடுவில் கறுத்துக்கொண்டிருந்தது. கேபினெட்டில் சாய்ந்தபடி என் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவளை இழுத்துத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

இப்போது நல்ல பவர் சப்ளை போட்டாயிற்று. உறையும் இல்லை. ஆனாலும் அயர்னிங் யூனிட்டிலிருந்து அந்த வாசம் வரும்போதெல்லாம் எழுந்துபோய் கேபினெட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். அத்தனை நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நெருப்போடு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.