அக்கா பூசிய துரு

என் அக்காவுக்குக் கார் பட்டறையில் வேலை. அடிபட்டு வரும் கார்களுக்குப் பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கீறல் விழுந்த தடமே தெரியாமல் அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, உள்ளங்கை நீளப் பொம்மை ரயில் பெட்டிகளுக்குத் துரு பிடிக்க வைப்பாள்.

"பகலெல்லாம் பழசைப் புதுசாக்குற, சாயங்காலமானா புதுசைப் பழசாக்குற. மறை ஏதாவது கழண்டு போச்சா?" என்று கேட்டால், "வாயை மூடிட்டு அந்த பிரஷ்ஷை எடு" என்பாள்.

மறையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டிகள் அத்தான் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தவை. அவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தார். ஒரு மழைநாளில் ரயில் தடம் புரண்டு, முன்னால் எஞ்சினில் இருந்த டிரைவர் போய்விட்டார். அத்தானின் உயிர் நண்பர் அவர். கடைசிப் பெட்டியில் இருந்த அத்தானுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதன் பிறகு அத்தான் வேலையை விட்டார், பேச்சையும் விட்டார். அந்த நாளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். பொம்மைப் பெட்டிகள் அலமாரி உச்சிக்குப் போயின.

அவற்றை அக்கா இறக்கியபோது எனக்குக் கோபம் வந்தது.

"புண்ணைக் கிளறாதேக்கா."

"உள்ளேயே புரையோடினா பரவாயில்லையா? பளபளன்னு இருந்தா அவருக்கு இது பொம்மை. அவரு போன வண்டி மாதிரி அழுக்கா இருந்தா, திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தையாவது பேச மாட்டாரா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடும். அவள் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். முதலில் துரு நிறம், அதன்மேல் ஈரத்தோடு உப்புத்தூள், அதற்கும் மேல் பெட்டியின் சாம்பல் நிறம். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால், அடியிலிருக்கும் துரு திட்டுத் திட்டாக எட்டிப் பார்க்கும். சக்கரங்களில் சாக்பீஸ் பொடியை ஊதுவாள். ஜன்னல் வெயிலில் அந்தப் பொடி மெல்ல மிதந்து இறங்கும்போது, எங்கோ ஒரு நீண்ட ரயில் அசைந்து அசைந்து போவது போல எனக்குக் கண் சொக்கும். அத்தானோ மேசைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டார். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே தூறல். அக்கா தண்ணீராகக் கரைத்த துரு நிறத்தை ஒரு பெட்டிக்குப் பூசி, பட்டறையில் கார் கதவைக் கிடத்திவைக்கும் பழக்கத்தில் அதையும் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். பிறகு மேசையிலேயே கண்ணயர்ந்தாள். மழைச் சத்தத்தில் நானும் சோபாவில் சரிந்துவிட்டேன்.

"ஐயோ, போச்சு!" என்ற சத்தத்தில் விழித்தேன். மழையில் நிற்கும் வண்டியில் துரு மேலிருந்து கீழே வழிய வேண்டும். இதில் கூரையிலும் முன்தகட்டிலும் குறுக்காக ஓடி, ஒரே பக்கமாகத் தேங்கிப் பாதி காய்ந்திருந்தது. அக்கா தின்னரில் துணியை நனைத்தாள்.

"துடைக்காதே."

அத்தான் பின்னால் நின்றிருந்தார். பெட்டியை வாங்கி, மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார்.

"அன்னிக்குச் சாஞ்சு கிடந்த வண்டி இது. ரெண்டு மழைக்காலம் பாதை ஓரத்துலேயே போட்டு வச்சிருந்தாங்க. இப்படித்தான் துரு ஓடியிருந்துச்சு."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நடக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கேதான் போவேன்."

அவர் காயாத இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவன் மழையில கிளம்ப யோசிச்சான். நான்தான் பச்சைக் கொடி காட்டினேன்."

"தண்டவாளத்துக்கு அடியில மண்ணு அரிச்சுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா காட்டினது இந்தக் கைதானே?"

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, நிறம் அப்பியிருந்த அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.