ரெட்டை விசில்

நான் சொல்வதில் பாதி பொய் என்பாள் என் மனைவி. இது மற்ற பாதி.

ஓய்வு பெற்றபின் வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்குகிறேன் என்று மகள் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். துப்பாக்கி விளையாட்டில் முதல் நாளே என் பக்கத்து ஆட்கள் நாலு பேரைச் சுட்டுத் தள்ளினேன். விவசாய விளையாட்டில் மாடு என்னை மதிக்கவில்லை. கால்பந்தில் நான் போட்ட ஒரே கோல் எங்கள் வலையிலேயே விழுந்தது. அப்புறம்தான் பஸ் விளையாட்டு. தனி ஸ்டீயரிங், காலடியில் பெடல். முப்பத்தோரு வருஷம் நிஜ பஸ் ஓட்டியவனுக்கு இது தேவையா? ஆனால் அருமையாகச் செய்திருந்தார்கள். பிரேக் போட்டால் நிற்கும் பயணிகள் முறைக்கிறார்கள். ஒரே குறை, கண்டக்டர் கிடையாது. கதவருகே டிக்கெட் மெஷின்தான்.

செவ்வாய்க்கிழமை. மதியம் 2.31. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடிக் கடைக்குப் போயிட்டு வரேன். டிவி சத்தத்தை அணைச்சிருக்கேன், தலை வலிக்குது. திரும்ப வெச்சிடாதீங்க."

"படியில நிக்காத, உள்ளே போ."

"கொழுப்புதான்."

பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். போன வாரம் நான் மேலே உட்கார்ந்து ஒரு கம்பியை உடைத்த குடை.

2.40. மூன்றாவது நிறுத்தம். ஆட்கள் ஏறினார்கள்.

பீ... பீ...

ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் எடு. பழக்கதோஷம், எடுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் உறைத்தது. இதில் கண்டக்டரே இல்லையே. டிவியில் சத்தமும் இல்லையே.

2.46. திரையில் தெரியும் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தேன். பின்படியருகே ஒருவன் நின்றான். தோளில் தோல் பை. பையின் வாரில் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். 'ஊதல்' என்று நாங்கள் கூப்பிட்ட என் கண்டக்டர் போட்டது.

ஒருமுறை, ஒரு பெண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸை எடுத்துவிட்டேன். அவளுக்கு ஒரு கால் போயிற்று. விசாரணையில் சொன்னேன்: "பின்னாடி ரெட்டை விசில் கேட்டுச்சு, அதான் எடுத்தேன்."

அவன் ஊதவே இல்லை. அவன் வேலை போயிற்று. என் வேலை இருந்தது.

ஊதல் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. சாவுக்கு நான் போகவில்லை.

2.49. மறுபடி கண்ணாடி. நாலு இருக்கை முன்னால் வந்திருந்தான்.

2.50. என் இருக்கைக்குப் பின்னால்.

பஸ் சிக்னலில் நின்றது. எதிரே யாரோ சாலையைக் கடந்தார்கள். பச்சைக் குடை. ஒரு கம்பி தொங்கியது...

பீ... பீ...

திரையில் இல்லை. என் காதருகில்.

வலது கால் பெடலில் அழுந்தியது. நான் அழுத்தவில்லை. முழங்கால்மேல் ஒரு கை... ஐஸ் மாதிரி.

"டேய்... வேணாம்டா..."

"ஊதிட்டேன்ல. எடு."

பஸ் நகர்ந்தது.

குடை பெரிதாகிக்கொண்டே வந்தது...

"நீ ஊதலைடா! அன்னைக்கு நீ ஊதவே இல்ல! நான்தான் பொய் சொன்னேன்!"

கை விலகியது.

பிரேக்.

திரை கறுத்தது.

2.52.

3.20க்கு மனைவி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் குடை இரண்டாக மடங்கிக் கிடந்தது.

"சிக்னல்ல ஒரு பஸ்ஸு நின்னுட்டிருந்துச்சுங்க. நான் குறுக்கே போறப்ப கிளம்பிடுச்சு. குடையில இடிச்சு, எனக்கு ஒரு சாண்ல நின்னுச்சு."

"மணி என்ன அப்போ?"

"உயிரே போகப் பாத்துச்சு, மணி கேக்கறீங்க! எதிர்க் கடையில கடிகாரம் இருந்துச்சு. மூணு மணியாக எட்டு நிமிஷம் இருந்துச்சு."

"டிரைவர்...?"

"இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. 'பின்னாடி ரெட்டை விசில் கேட்டுச்சும்மா, அதான் எடுத்தேன்'னாரு."

தண்ணீர் குடித்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"ஆனா அந்த பஸ்ல கண்டக்டரே கிடையாதுங்க. கதவுகிட்ட மெஷின்தான்."