வாய்க்காலுக்கு அப்பால் நான்கு காணிகள்

ஒரு தெருவை நேராகப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வீடுகளைக் கட்டிவிட்டால், அதில் குடியிருப்பவர்கள் சமமாகிவிடுவார்கள் என்று நம்புகிறீர்களா?

பவளம் நம்பினாள். அவள் விவரம் தெரியாதவள் அல்ல. மெல்பேர்னின் டண்டெனோங்கில் ஒரு நில அளவை அலுவலகத்தில் பல வருடமாக வரைபடம் வரைகிறவள். எல்லைக்கோடு ஒரு சாண் தள்ளிப் போனதற்காக அண்ணனும் தம்பியும் வழக்கறிஞர் வைத்துச் சண்டை பிடித்ததை நேரில் பார்த்தவள். ஆனாலும் நம்பினாள். நம்பவேண்டிய தேவை அவளுக்கு இருந்தது.

கணவர் இறந்தபின் நோபல் பார்க்கில் ஒரு யூனிட்டில் தனியாக இருந்தாள். மகள் லக்சிகா பேர்த்தில். அம்மா தமிழில் கேட்பாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், இரண்டு பேரும் அன்பாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் நாட்டின் மறுகரையிலிருந்து வரும் அன்புக்கு எட்டிப் பார்க்கக் கண் கிடையாது. அதே வரிசையின் கடைசி யூனிட்டில் ஒரு முதியவர் இறந்து கிடந்ததை, வாசலில் குவிந்த விளம்பரத் தாள்களைப் பார்த்துத் தபால்காரர்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பவளத்துக்கு ஒரே ஆசை. தான் சமைக்கும் குசினியில் விளக்கு ஒரு காலையில் எரியாவிட்டால், "என்ன, பவளத்தைக் காணேல்லை" என்று எதிர்வீட்டில் ஒருவர் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பவளத்தின் ஆட்கள் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்றவர்கள். யாராவது இரங்கி அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். அவளுடைய தகப்பன் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஆசிரியரானவர். அரசாங்கம் அவரை 'பெரிய ஆட்கள்' குடியிருந்த ஒரு பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. முதல் வாரமே பாதிப் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். மிச்சப் பாதிக்கு அவர் கணக்குப் படிப்பித்தார்.

மெல்பேர்னில் பவளம் இதை மறைத்ததில்லை. யாரும் நேராகக் கேட்டதும் இல்லை. நம்மவர்கள் நேராகக் கேட்கமாட்டார்கள். ஊரில எவடம், எந்தக் கோயிலடி, ஆரின்ர மகள் என்று பக்கவாட்டில் வருவார்கள். ஸ்பிரிங்வேலில் ஒரு கலியாண வீட்டில் ரஞ்சிதமலர் என்ற அம்மா அப்படித்தான் விசாரித்தாள். இன்ன பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மகள் என்று பவளம் சொன்னாள். ரஞ்சிதமலருக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். அங்கே யார் வாத்தியாராக இருக்கமுடியும் என்பதும் தெரியும் என்று நினைத்தாள். முகம் மலர்ந்து, பவளத்தை உரிய பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். தவறான பெட்டி. பவளத்துக்கு அது அப்போது விளங்கவில்லை.

ரஞ்சிதமலரின் கணவர் சிறிதரன், ஓய்வுபெற்ற பொறியியலாளர், தமிழ்ச் சங்கத் தலைவர். கனடாவின் வின்னிபெக்கில் இருக்கும் தம்பியிடம் போனவர், அதற்குக் கிட்ட மெனோனைட்டுகளின் பழைய கிராமம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மந்திரித்துவிட்ட ஆளைப்போலத் திரும்பி வந்தார். மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார். மெனோனைட்டுகள் பதினாறாம் நூற்றாண்டில் ஒல்லாந்திலும் வடஜெர்மனியிலும் கிளம்பிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். வாள் எடுக்கமாட்டோம் என்றதால் துரத்தப்பட்டவர்கள். விஸ்துலா ஆற்றுச் சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். அங்கும் நெருக்கடி வர, தென் உக்ரேனின் புல்வெளிக்குப் போனார்கள். பிறகு கனடா, பிறகு பராகுவே. பாயைச் சுருட்டுவதுபோல ஊரைச் சுருட்டிக்கொண்டு போய், இறங்கின இடத்தில் அதே ஊரை விரித்தார்கள். ஒற்றைத் தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் பள்ளிக்கூடம். வீடு, களஞ்சியம், மாட்டுக்கொட்டில் மூன்றும் ஒரே கூரையின்கீழ் நீளவாக்கில், பனிக்காலத்தில் வெளியே இறங்காமலே பால் கறக்கலாம். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதற்கும் பின்னால் வயல்.

"எங்களைப்போல இடம்பெயர்ந்த சனம். ஆனா தனித்தனியாச் சிதறிப் போகேல்லை, ஊராப் போயிருக்கினம்" என்றார் சிறிதரன். மண்டபத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நகரத்துக்குத் தென்கிழக்கே, பேக்கன்ஹாம் தாண்டி, கைவிட்ட பால்பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. அதேபோல ஒரு ஊர் அமைக்கப் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்தன. வரைபடம் கீறும் வேலை பவளத்தின் கைக்கு வந்தது. நூலகத்தில் சொல்லிவைத்து மெனோனைட்டுகளைப் பற்றிய புத்தகங்களை வரவழைத்தாள். அலுவலகம் முடிந்து வந்தால் சோறும் புத்தகமுமாக உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு மிகவும் பிடித்தது வயல் பிரிப்பு. ஆளுக்கொரு வேலியடைத்த துண்டு அல்ல. நல்ல மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நீர் தேங்கும் நிலம் ஒரு பங்கு என்று முதலில் வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நீளக் கீற்று. யாருக்கு எந்தக் கீற்று என்பதைச் சீட்டுப்போட்டு எடுப்பார்கள். நல்லதும் கெட்டதும் எல்லாருக்கும். அதை வாசித்த அன்று பவளம் பென்சிலை வைத்துவிட்டு எழும்பி நடந்தாள். கிணற்றடியில் நின்ற சனத்தின் பிள்ளைக்கு, மண்ணில் கோடு கிழித்தே நியாயம் செய்யலாம் என்பது சிறிய செய்தியா?

ஆனால் புத்தகத்தின் பின்பாதியில் வேறு கதை இருந்தது. முழுப் பண்ணையைப் பிரிக்கக்கூடாது என்பது உக்ரேன் குடியேற்றங்களில் விதி. ஒரு பிள்ளைக்குப் பண்ணை போனால் மற்றப் பிள்ளைகள் நிலமற்றவர்கள். அவர்களுக்குத் தெருவின் கடைசியில் சிறு மனை, ஊர்க்கூட்டத்தில் வாக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலமுள்ள குடும்பங்களைவிட நிலமற்ற குடும்பங்கள் பெருகிப்போயின. கடவுளின் முன் எல்லாரும் சகோதரர் என்று ஞாயிற்றுக்கிழமை பாடியவர்கள், திங்கட்கிழமை அந்தச் சகோதரரைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். ரத்தம் சிந்தமாட்டோம் என்ற சனம் வியர்வையை மட்டும் நன்றாகச் சிந்தவைத்தது. கடைசியில் நிலமற்றவர்கள் நியாயம் கேட்டு ரஷ்ய ஜார் மன்னனின் அரசாங்கத்துக்கு மனுப்போட்டார்கள். சொந்தச் சபையிடம் கிடைக்காத நியாயத்துக்குச் சர்வாதிகாரியின் வாசலில் நிற்கவேண்டி வந்தது.

பவளம் இதைச் செயற்குழுவில் சொன்னாள். அவர்களிடமிருந்து தெருவை எடுப்போம், தெருக்கோடியை எடுக்கவேண்டாம். மனைகளும் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. எல்லாரும் தலையாட்டினார்கள். "இது அவுஸ்திரேலியா. இங்க ஆர் அதெல்லாம் பாக்கினம்" என்றார் சிறிதரன்.

வரைபடம் முடிந்தது. நடுவில் பொதுக் குசினி, நூலகம், ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி. ஒரு ஞாயிறு மத்தியானம் சிறிதரன் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். குசினி மேசையில் அவளுடைய வரைபடம் விரிந்திருந்தது, சிவப்புப் பேனாவால் திருத்தங்களோடு. சென்னைக்காரரான பார்த்தசாரதியும் இருந்தார், செயற்குழுவில் இந்தியத் தமிழர் சார்பில். ரஞ்சிதமலர் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

தெருவின் தென்முனையில் குறுக்காக ஒரு வாய்க்கால் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் அரை அளவில் நான்கு மனைகள், அவற்றுக்குத் தனித் தொட்டி. அந்த நாலுக்கும் சீட்டு இல்லை, ஆட்களை ஏற்கெனவே வைத்தாயிற்று. ஒருவன் சுஜீதன், முதியோர் இல்லத்தில் தாதியாக வேலைசெய்பவன், மனைவியோடும் தாயோடும் வருகிறவன். இன்னொருவன் லொறி ஓட்டும் அனோஜன். மற்ற இரண்டு குடும்பங்களும் இந்த இருவருக்கும் தெரிந்தவர்கள். நான்கும் எந்த ஆட்கள் என்பது பவளத்துக்குத் தெரியும். தன்னுடைய ஆட்களைத் தெரியாதா? அவளுடைய பெயர் மட்டும் நடுவில், பொதுக் குசினிக்கு நேரெதிரே, முழு அளவு மனையில் இருந்தது.

வாய்க்கால் எதற்கு என்று கேட்டாள். மழைத்தண்ணீர் வடிய என்றார் சிறிதரன். அந்த முனை மேடு, தண்ணீர் மலையேறாது என்று பவளம் சொன்னாள். பொறியியலாளர் தாடையைச் சொறிந்தார். சின்னக் குடும்பங்கள், சின்ன மனை போதும் என்று அடுத்த காரணம் வந்தது. சுஜீதன் வீட்டில் மூன்று பேர், நான் ஒருத்தி, எனக்கு எதற்கு முழு மனை என்றாள்.

பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார். "மேடம், வாஸ்துன்னு ஒண்ணு இருக்கு. நீர் வடகிழக்குல இருக்கணும். தென்மேற்கு மூலை வேற மாதிரி. அது அறிவியல்தான்."

"இந்த நாட்டில சூரியன் வடக்குப் பக்கத்தால போகுது, பார்த்தசாரதி. உங்கட வாஸ்து விமானத்தில வரேக்க திரும்பிப் படுத்ததோ?"

அவர் சிரித்தார். அவருக்கு அது உறைக்கவில்லை. பவளத்துக்குத்தான் அருவருப்பாக இருந்தது. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதில்கூட ஒத்துப்போகாத இந்த இரண்டு மனிதர்கள், வேறுவேறு கடற்கரையிலிருந்து வந்த இருவர், இந்த ஒரு விஷயத்தில் ஒரு வார்த்தையும் பேசாமலே ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சிதமலருக்குப் பொறுமை போய்விட்டது. "பவளமக்கா, ஏன் தெரியாத ஆள் மாதிரிக் கேக்கிறியள்? அவையள் நல்ல பிள்ளையள்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒரே தண்ணி, ஒரே குசினி எண்டா நாளைக்கு எங்கட பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்க என்ன சொல்லுறது? நீங்கள் எங்கட ஆள் எண்டபடியாத்தானே உங்களை நடுவில போட்டது."

பெட்டி இப்போதுதான் பவளத்துக்குத் தெரிந்தது. எத்தனை வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பேசாமல் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தால் போதும். எதிரே பொதுக் குசினி, காலையில் எட்டிப் பார்க்கும் முகங்கள், விளம்பரத் தாள் குவியாத வாசல். அவள் கேட்டதெல்லாம் மேசையில், தன் கையால் கீறிய கோட்டுக்குள் இருந்தது.

"அந்தப் பள்ளிக்கூடத்தில என்ர அப்பா ஓய்வுபெறும்வரை படிப்பிச்சவர்" என்றாள் பவளம். "அங்க கிணறு இருந்தது. அவர் குடிக்கிற தண்ணியை வீட்டில இருந்து போத்தலில கொண்டு போனவர். ஏனெண்டு உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை."

ரஞ்சிதமலரின் பார்வை பவளத்தின் முகத்துக்கு வரவில்லை. பவளத்தின் கையிலிருந்த கோப்பைக்குப் போனது. ஒரு கணம்தான். மெல்பேர்னில், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த வீட்டில், பட்டம் பெற்ற ஒரு பெண் ஒரு கோப்பையைப் பார்த்தாள்.

சிறிதரன்தான் முதலில் சுதாரித்தார். அவர் சொன்னது அதைவிடக் கேவலம். "அதுக்கென்ன பவளம். உங்களை நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை, நினைக்கவும் மாட்டம். இது எங்கள் நாலு பேரோட இருக்கட்டும். நீங்கள் நடுவிலயே இருங்கோ."

சலுகை. மனிதர் அதைப் பெருந்தன்மை என்று மனமார நம்பினார். பவளம் வரைபடத்தைச் சுருட்டினாள். "இது நான் கீறினது, அண்ணை. இதில வாய்க்கால் இல்லை. பொதுக்கூட்டத்தில கதைப்பம்" என்று சொல்லி எழுந்து போனாள்.

பொதுக்கூட்டம் ஸ்பிரிங்வேலில் நடந்தது. பவளம் எழுந்து, வாய்க்காலையும் அது ஏன் வந்தது என்பதையும் தான் யார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். இதையெல்லாம் ஏன் இங்கே கதைக்கிறீர்கள், பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றார் ஒருவர். சாதியைப் பேசினால்தான் இருக்குமாம், பேசாவிட்டால் இல்லையாம். நோயைச் சொன்ன வைத்தியரைத் துரத்திவிட்டால் காய்ச்சல் இறங்கும் என்று நம்புகிற கூட்டம் இது. பவளம் ஊரை உடைக்கப் பார்க்கிறாள் என்றார் இன்னொருவர். வாய்க்கால் கீறியவர்கள் உடைக்கவில்லையாம்.

பவளம் சுஜீதனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எழும்பவில்லை. இருந்த கதிரையிலிருந்தே மெல்லச் சொன்னான்.

"எனக்கு முதலே விளங்கினது, அன்ரி. மனையைக் காட்டின அண்டைக்கே. அம்மாவுக்குச் சாகமுதல் ஒரு முற்றம் வேணுமாம். அதால பேசாம இருந்தனான்."

பிறர் வாயடைக்க அச்சுறுத்தல் தேவையில்லை. ஒரு முற்றம் போதும். தனக்கும் ஒரு குசினி விளக்கு போதுமாகத்தான் இருந்தது, மயிரிழையில் தப்பினேன் என்பது பவளத்துக்கு அந்த இடத்தில் உறைத்தது.

எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே சீட்டு என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். பவளம் தூக்கினாள். அனோஜன் தூக்கினான். சுஜீதன் கொஞ்சம் கழித்துத் தூக்கினான், பிறகு அவனுடைய தாயும். பின்வரிசையில் ஒரு சில கைகள். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். அவர்களில் பலர் தனியே பேசும்போது சாதியை ஏற்காதவர்கள். தனியே ஏற்காமல் இருப்பதற்கு ஒரு செலவும் இல்லை. தீர்மானம் தோற்றது.

அந்த நாலு குடும்பமும் பவளமும் விலகினார்கள். செயற்குழு வேறொருவரைப் பிடித்து வரைபடம் கீறியது. தெரு போட்டாயிற்று, பொதுக் குசினியும் திறந்தாயிற்று. தண்ணீர் ஒருபோதும் ஓடாத அந்த வாய்க்காலையும் வெட்டினார்கள். அப்பால் உள்ள நாலு மனையும் இன்றுவரை புல் முளைத்துக் கிடக்கின்றன. புதிதாகச் சேர வருகிறவர்களும் அவற்றை வாங்க மறுக்கிறார்கள். அங்கே குடியிருந்தால் தங்களையும் அந்த ஆட்கள் என்று நினைத்துவிடுவார்களாம். ஆளே இல்லாத மண்ணுக்கும் தீட்டு ஒட்டவைக்கும் திறமை நம்மவர்களுக்குத்தான் உண்டு.

பவளம் நோபல் பார்க்கில் அதே யூனிட்டில்தான் இருக்கிறாள். காலையில் அவள் குசினி விளக்கை எதிரே நின்று பார்க்க இன்னும் யாரும் இல்லை. உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு அதுதான். அதை இனிப்பாக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் நகரத்திலும் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கும், அதற்கு விதிகள் எழுதிய ஒரு யாப்பு இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். சாதியின் பெயரால் எவரையும் ஒதுக்கக்கூடாது என்ற ஒரு வரியை அதில் சேர்க்கும்படி எழுந்து முன்மொழியுங்கள். இங்கே அதெல்லாம் இல்லையே என்பார்கள். இல்லாவிட்டால் எழுதிவைப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லுங்கள். வாக்கெடுப்புக்கு விடச் சொல்லுங்கள். கைகள் உயரும்வரை உட்காராதீர்கள்.