பூபதிராஜா சாரின் ரப்பர் ஸ்டாம்ப்

கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பிறகு, "சூடு இருக்குதுங்க. நல்லா ஓடுது" என்கிறார். பூபதிராஜா சாரின் சோதனை அத்துடன் முடிந்தது. இனி மிச்சம் இருப்பது டீயும் ஸ்டாம்பும்தான்.

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள பதினோரு பால் சங்கங்களின் கம்ப்யூட்டர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து மேலாபீசுக்கு அறிக்கை அனுப்புவது அவருடைய உத்தியோகம். வயது ஐம்பத்து நான்கு. மீசைக்கு மட்டும் சாயம் போடுவார், தலையை அதன் போக்கில் விட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே வந்து பழம்பொரி தின்ற கையோடு விசைப்பலகையைத் தள்ளிவைப்பார். எங்கள் சங்கத்து விசைப்பலகையின் வலது மூலை நிரந்தரமாகப் பிசுபிசுக்கும். அந்த மூலை அவருக்குச் சொந்தம்.

நான் தினமும் இரண்டு எருமைகளின் பாலை ஊற்றப் போகிறவன். அதனால் இந்தச் சோதனையைப் பல தடவை பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது.

அறிக்கைப் படிவத்தில் நாற்பத்தாறு கேள்விகள், எல்லாம் மலையாளத்தில். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். முதல் இரண்டு வருடம் கையால் எழுதினார். விரல் வலித்தது. பக்கத்துச் சித்தூரில் சொல்லி 'உண்டு' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார். 'இல்லை'க்குச் செய்யவில்லை, அதற்குத் தேவையே வரவில்லை. ஸ்டாம்ப் அவருடையது, ஸ்டாம்ப் பேடு மட்டும் அந்தந்தச் சங்கத்துடையது. சொந்த மையைச் செலவழிக்கும் கெட்ட பழக்கம் எதுவும் அவரிடம் கிடையாது.

தீயணைப்புக் கருவி? உண்டு. அதை மாட்டுவதற்கான ஆணி சுவரில் இருக்கிறது. கழிப்பறை? உண்டு. பக்கத்து வீட்டுக்காரருடையது. மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு? உண்டு. அந்த மெழுகுவர்த்தியை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் வாயை அடக்க முடியாமல், ஒன்றிரண்டு இடத்திலாவது இல்லை என்று எழுதினால் என்ன என்று கேட்டேன். டீயை உறிஞ்சிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இல்லைன்னு எழுதினா ஏன் இல்லைன்னு கேப்பாங்க. உண்டுன்னு எழுதிப் பாருங்க, ஒருத்தனும் எங்கேன்னு கேக்கமாட்டான். பதினாலு வருசமா என்ற ரிப்போர்ட்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க."

முப்பத்தொன்றாவது கேள்விதான் இந்த மனிதரைப் பற்றி என்னை எழுத வைத்தது. வட்டுத் தொகுதிகளை, அதாவது டிஸ்க்குகளை, கையாளும் மென்பொருள் கம்ப்யூட்டரில் நிறுவப்பட்டுள்ளதா என்பது கேள்வி. முதல் வருடம் அவர் இதற்காக மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு சிடி கிடந்தது. பிரிண்டருடன் வந்த சிடி. எடுத்து வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, திருப்தியாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உண்டு என்று எழுதினார். அதற்குப் பிறகு இழுப்பறையையும் திறக்கவில்லை.

இப்போது அந்த மென்பொருள் எங்களுக்குத் தேவைப்பட்டுவிட்டது. சங்கத்துக் கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வருகிறது. நிரம்பிவிட்டால் பால் சோதிக்கும் இயந்திரத்தின் கணக்கு பதிவாகாது. பதிவாகாமல் சீட்டு வராது. சீட்டு வராமல் பாலை எடுக்க மாட்டார்கள். போன மாதம் ஒருநாள் காலை அப்படி ஆகி, முந்நூற்று நாற்பது லிட்டரும் வந்த வழியே திரும்பிப் போனது. மூன்று நாள் ஊரில் எல்லார் வீட்டிலும் தயிர்தான். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் தயிரைக் கொடுத்துத் தயிரை வாங்கினோம்.

சங்கத்தில் கம்ப்யூட்டரைக் கவனிப்பவள் ஜீவிதா. சித்தூர் கல்லூரியில் படித்தவள், கெட்டிக்காரி. அன்று எதையெதையோ அழித்து அவள்தான் கொஞ்சம் இடம் உண்டாக்கினாள். மேலாபீஸ் புதிய டிஸ்க் ஒன்றையும் அனுப்பிவைத்தது. நடுவில் உள்ள வரப்பை வெட்டி இரண்டு வயலை ஒன்றாக்குவது போல, பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு முப்பத்தொன்றாம் கேள்வி மென்பொருள் வேண்டும். அதை நிறுவும் கடவுச்சொல் மேலாபீசிடம் இருக்கிறது. அவள் போன் செய்தாள். மேலாபீஸ்காரர் கோப்பைப் புரட்டிவிட்டு, "ரிப்போர்ட்டில் உண்டல்லோ" என்றார். நான்கு தடவை கேட்டாள், நான்கு தடவையும் அதே பதில். அறிக்கையில் இல்லை என்று வந்தால் மறுநாளே ஆள் அனுப்புவார்களாம்.

இந்த முறை பூபதிராஜா சார் வந்தது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள் டிஸ்க் நிரம்பிவிடும் என்று ஜீவிதா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இதை விட்டால் அவர் அடுத்து வருவது மூன்று மாதம் கழித்து. முப்பத்தொன்றை மட்டும் கடைசியில் போடுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் பெரிய மனதுடன் சரி என்று மற்ற நாற்பத்தைந்துக்கும் டக் டக் என்று குத்தி முடித்து, கை கழுவப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் ஜீவிதா திரையில் ஒரு வரி தட்டினாள். மென்பொருள் இருக்கிறதா என்று கேட்கும் வரி. கம்ப்யூட்டர் அரை நொடியில் பதில் சொன்னது. பதினாலு வருடத்தில் யாரும் அதனிடம் கேட்காத கேள்வி. அவர் வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நிறுவப்படலைன்னு அதுவே சொல்லுதுங்க சார். நீங்க ஒரு வார்த்தை இல்லைன்னு எழுதிக் குடுத்தாப் போதுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே தெரியும். முகத்தில் முதன்முறையாக ஒரு சங்கடம் தெரிந்தது. போன தடவை உண்டு என்றவன் இந்தத் தடவை இல்லை என்றால் நடுவில் அது எங்கே போயிற்று என்று கேட்பார்களே, என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பால் கேனை அவர் காலில் போட்டிருப்பேன். காலிக் கேன்தான், பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டேன்.

வாசலில் பால் கொண்டுவந்த தூக்குப் போசியுடன் மருதாத்தாள் நின்றிருந்தாள். ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க சாரு, எங்கூட்டு மாட்டுக்கு உங்க பெட்டி ரொம்பிப்போச்சுன்னு தெரியுமுங்களா? சனிக்கெழமையும் அது நேரத்துக்குக் கத்துமுங்க. நான் கறந்து எங்கீங்க கொண்டுபோறது?"

பூபதிராஜா சார் உட்கார்ந்தார். படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஸ்டாம்ப் பேடுக்காகக் கையை நீட்டினார். மேசையில் அது இல்லை. கை கழுவப் போன நேரத்தில் ஜீவிதா அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியதை நான் பார்த்திருந்தேன்.

"பேடு எங்கீங்க அம்மிணி?"

"இல்லீங்க சார்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருதாத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பேனா மெல்ல மேலே ஏறி, முப்பத்தொன்றின் கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. நானும் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு கணம் அவரை மன்னித்துவிட்டேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயருகே கொண்டுபோய், காய்ந்த மை ஈரமாகும்படி ஹா என்று ஒருமுறை ஊதி, கட்டத்துக்குள் சரியாக வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.